ஓப்பனிங் ஸ்டாக் எங்கே சார்?

மேல்மலையனூருக்கு அமாவாசை ராத்திரி வந்திருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருக்காது. அங்காளம்மன் ஊஞ்சலில் ஆடுவதைப் பார்க்க அக்கம்பக்கத்து மாநிலத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்து குவியும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நசுங்கிய எலுமிச்சம்பழமும் தேங்காய் மூடியும்தான் பாக்கி. ஊர் பழையபடி கொட்டாவி விட ஆரம்பித்துவிடும்.

அமாவாசைக்கு அடுத்தபடியாக எங்கள் ஊர் பரபரப்பாக இருக்கிற நாள் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற நாள்.

2025 மே 16, வெள்ளிக்கிழமை. காலை எட்டே முக்கால் மணி. டீக்கடை பெஞ்சில் நான். என் பக்கத்தில் ரிடையரான கணக்கு வாத்தியார். எதிரே லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, கிளாஸில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருக்கும் என் பால்ய சிநேகிதன். எங்கள் மூவருக்கும் நேர் மேலே ஒரு டி.வி. என் அக்கா மகன் அந்த வருஷம் பத்தாவது எழுதியிருந்தான். ரிசல்ட்டைத் தனியாகப் பார்க்கிற தைரியம் இல்லாமல் வீட்டில் அம்மன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். ரிசல்ட்டைப் பார்க்கிற பொறுப்பு என் செல்போனுக்கு வந்திருந்தது. போனுக்கோ சிக்னல் வரவில்லை!

ஒன்பது மணிக்கு டி.வி.யில் புள்ளிவிவரம் கொட்டியது. மாநில அளவில் 93.80 சதவீதம் தேர்ச்சி. சிவகங்கை மாவட்டம் 98.31 சதவீதத்தோடு முதலிடம்.

"நம்ம ஜில்லா எத்தினியாவது?" என்று டீ மாஸ்டர் கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். விழுப்புரத்தின் பெயர் வருவதற்குள் ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

டீ மாஸ்டருக்குப் பிள்ளைகளே கிடையாது. அவருக்கு எதற்கு இந்தக் கவலை என்கிறீர்களா? அது மானப் பிரச்னை சார். 2018-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது மாநில சராசரி 91.1 சதவீதம். விருதுநகர் 97-ஐத் தாண்டி முதலிடம். விழுப்புரம் 83 சொச்சத்தோடு கடைசி இடம். நான் அப்போது சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்து சீட்காரர், "உங்க ஊரு ஆளுங்களுக்கு மல்லாட்டை விதைக்கத்தான் தெரியும்போல!" என்றார். அவர் விருதுநகர். சாம்பார் சாதம் தொண்டையில் நின்றது.

பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு மண்டைக்குள் ஒரு கேள்வி முளைத்தது. நான் படித்தது பி.காம். ஒரு கடையின் லாபத்தைக் கண்டுபிடிக்க முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வருஷக் கடைசியில் குடோனில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மட்டும் எண்ணினால் லாபம் தெரியாது. வருஷம் தொடங்கும்போது எவ்வளவு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். அதாவது ஓப்பனிங் ஸ்டாக். இது இல்லாமல் டிரேடிங் அக்கவுன்ட் போட்டுக்கொண்டு போனால் எங்கள் புரொபசர் பேப்பரைத் திருப்பி மூஞ்சியிலேயே எறிவார்.

ஒரு மாவட்டத்தின் படிப்புக்கு மட்டும் ஏன் சார் வெறும் குளோசிங் ஸ்டாக்கைப் பார்த்து மார்க் போடுகிறோம்?

இந்தத் தேர்ச்சி சதவீதம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 35 மார்க் வாங்கினவனும் பாஸ், 100 வாங்கினவளும் பாஸ். இரண்டு பேரும் சதவீதக் கணக்கில் ஒன்றுதான். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளெல்லாம் 36-லிருந்து 60-க்கு ஏறினாலும் சதவீதம் ஒரு புள்ளிகூட அசையாது. 34-ல் இருக்கிறவனை 35-க்குத் தள்ளினால் மட்டும் துள்ளிக் குதிக்கும். அப்படியானால் புத்திசாலியான ஆபீசர் யாரைக் கவனிக்கச் சொல்வார்? 34-ல் நிற்கிறவனை. 10 மார்க் பிள்ளையையும் 90 மார்க் பிள்ளையையும் சாமி பார்த்துக்கொள்ளட்டும்!

அடுத்தது, வகுக்கிற எண். சதவீதம் போடுவது பரீட்சை எழுதியவர்களை வைத்து. எழுத வராதவர்கள் கணக்கிலேயே கிடையாது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப் பாடத் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று அறிவித்தபோது அந்த 50,000 பேர் எங்கே போனார்கள்? கணக்கு பாஷையில் சொன்னால் வாராக்கடன். எந்தக் கம்பெனியும் வாராக்கடனைப் புஸ்தகத்திலிருந்து கிழித்துப் போட்டுவிட்டு 'எங்களுக்கு நஷ்டமே இல்லை' என்று சொல்ல முடியாது. ஆடிட்டர் விடமாட்டார்.

மூன்றாவது, எங்கள் மாவட்டத்துக்கே உரிய தமாஷ். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். கம்பெனியே இரண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு, 'விழுப்புரம் 2018-ல் அவ்வளவு, இப்போ இவ்வளவு' என்று ஒப்பிட்டால் எப்படி? பாகப்பிரிவினைக்கு முன்னால் இருந்த நிலத்தையும் பின்னால் இருக்கிற நிலத்தையும் வைத்து 'விளைச்சல் குறைஞ்சிடுச்சே' என்று கவலைப்படுகிற கதைதான்.

நான் இப்படிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, கணக்கு வாத்தியார் டீயைக் கீழே வைத்தார்.

"நீ பி.காம். பாஷையில சொல்ற. நான் கொல்லை பாஷையில சொல்றேன். ஒருத்தன் கெணத்துப் பாசனத்துல பன்னெண்டு மூட்டை மல்லாட்டை எடுக்கிறான். இன்னொருத்தன் மானாவாரியில எட்டு மூட்டை எடுக்கிறான். யார் நல்ல விவசாயி?"

"பன்னெண்டு மூட்டைக்காரன்தான்!" என்றான் சிநேகிதன், பன்னை விழுங்கியபடி.

"அவன் அப்பன் வெட்டின கெணறு அது. போன வருஷம் பதினாலு மூட்டை எடுத்தவன் இப்போ பன்னெண்டுக்கு வந்துட்டான். மானாவாரிக்காரன் போன வருஷம் நாலு, இந்த வருஷம் எட்டு. இப்போ சொல்லு."

சிநேகிதன் யோசிக்க ஆரம்பித்தான். இதைத்தான் உலகம் முழுக்க 'வளர்ச்சி' என்ற கணக்கில் பார்க்க முயன்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் வில்லியம் சாண்டர்ஸ் என்று ஒருவர் இருந்தார். விவசாயப் புள்ளிவிவரக்காரர். கால்நடை இனவிருத்திக்குப் போடுகிற கணக்கு முறையை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தினார். இந்தப் பிள்ளை போன வருஷம் எங்கே இருந்தது, இந்த வருஷம் எங்கே நிற்கிறது, நடுவில் பள்ளிக்கூடம் கூட்டிக்கொடுத்தது எவ்வளவு என்று பார்க்கிற வழி. 1992-ல் அந்த மாநிலம் அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. மாட்டுக் கணக்கு மனுஷப் பிள்ளைக்கு உதவியது!

பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன், அமெரிக்கா முழுக்க 11,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களின் மார்க்குகளை அலசினார். சிகாகோ என்றாலே 'அங்கே படிப்பு மோசம்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்றாம் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகள் நாட்டு சராசரியைவிட ஒரு வகுப்புக்கும் மேலே பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் 2009-லிருந்து 2014 வரை பார்த்தால், மூன்றாவதிலிருந்து எட்டாவதுக்குப் போகிற 5 வருஷத்தில் அவர்கள் 6 வருஷப் படிப்பைப் படித்திருந்தார்கள். வளர்ச்சியில் பெரிய மாவட்டங்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது சிகாகோ. அவர் கண்டுபிடித்த இன்னொன்றுதான் முக்கியம். சராசரி மார்க், வீட்டு வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. வளர்ச்சி அப்படி ஒட்டவில்லை. ஏழை ஊரிலும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. நாம்தான் தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறோம்.

'அப்போ வளர்ச்சியை வெச்சே எல்லாருக்கும் பரிசும் தண்டனையும் கொடுத்துடலாமே' என்று துள்ளாதீர்கள். அட்லாண்டா நகரில் மார்க் ஏறியே தீர வேண்டும் என்று நெருக்கினார்கள். ஏறியது! எப்படித் தெரியுமா? பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பை அழித்து, சரியான விடையை வாத்தியார்களே எழுதினார்கள். 2011-ல் வந்த மாநில விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் மாட்டினார்கள். 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. எங்கள் பாடத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு: விண்டோ டிரெஸ்ஸிங். கடைக்குள்ளே ஒன்றும் இருக்காது, கண்ணாடி அலமாரி மட்டும் ஜொலிக்கும்.

நம் ஊருக்கு வருவோம். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2018-19 கல்வியாண்டிலிருந்து மாவட்டங்களுக்கு ஒரு தரக் குறியீடு போட்டது. மொத்தம் 600 மார்க், 83 அம்சங்கள். கற்றல் விளைவுகளுக்கு 290, வகுப்பறையில் நடப்பதற்கு 90, நிர்வாகத்துக்கு 84, கட்டட வசதி முதலானவற்றுக்கு 51, டிஜிட்டல் கல்விக்கு 50, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 35. வெறும் தேர்ச்சி சதவீதத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் இது ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரிதான். ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பைப் படம் பிடிக்கிறார்கள். இன்னொரு வருஷம் வேறு பிள்ளைகளைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளையே வளர்ந்ததா என்று படம் சொல்லாது.

சினிமாவாக எடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தமிழ்நாட்டில்! கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 27-ல், எங்கள் மாவட்டத்து மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி'யை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் சாயங்காலம் பாயை விரித்துப் பாடம் சொன்னார்கள். 'இதெல்லாம் போட்டோவுக்கு' என்று நானே கிண்டலடித்திருக்கிறேன். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை வைத்துத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். பள்ளி மூடியதால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை, திறந்த 6 மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். மீட்டதில் 24 சதவீதம் அந்தப் பாய் விரித்த வகுப்பால் வந்தது. கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை 'அரும்பு, மொட்டு, மலர்' என்று நிலைகளாகப் பிரித்தார்கள். ஃபெயில் என்ற வார்த்தையே கிடையாது. அரும்பு மொட்டானதா, மொட்டு மலர்ந்ததா? கேட்க வேண்டிய கேள்வி இதுதானே! இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அரும்பு பத்தாம் வகுப்பில் என்ன ஆனது என்று தேடிப் பிடிக்க மனசிருந்தால் போதும்.

வளர்ச்சிக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. பன்னிரண்டே பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒருவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கு எட்டு சதவீதம் சரிந்துவிடும். ஏற்கெனவே 95 வாங்குகிறவன் மேற்கொண்டு எங்கே ஏறுவான்? ஆகவே ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மூன்று வருஷமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓப்பனிங் ஸ்டாக், குளோசிங் ஸ்டாக், நடுவில் காணாமல் போனவர்கள் என்று மூன்றையும் ஒரே தாளில் போட வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

இத்தனை வேகமாகப் பேசுகிறேனே, எனக்கென்ன சொந்தக் கோபம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

2024 ஏப்ரலில் அக்கா மகன் படித்துக்கொண்டிருந்த தனியார் பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள். மாமா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அதனால் தாய்மாமன் ஹோதாவில் நான் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தேன் தடவிய குரலில் சொன்னார்.

"பையன் ரொம்ப நல்ல பையன் சார். ஒழுக்கத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா எங்க ஸ்கூல் வருஷா வருஷம் ஹண்ட்ரட் பர்சென்ட். ஒன்பதாவது மேத்ஸ்ல பதினொண்ணு வாங்கியிருக்கான். டி.சி. வாங்கிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

எட்டாவது வரைக்கும் எல்லோரும் பாஸ். பத்தாவதில் அரசாங்கப் பரீட்சை. நடுவில் இருக்கிற ஒன்பதாவதுதான் சல்லடை. அது வெளியில் யாருக்கும் தெரியாத சல்லடை. சலித்துக் கொட்டியதை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

ஐந்தாவது முடிக்கிற நேரத்தில் கொரோனா. ஏழாவது பாதியில்தான் திரும்ப வகுப்பறையைப் பார்த்தான். அவனுடைய ஓப்பனிங் ஸ்டாக்கை உலகமே சேர்ந்து காலி பண்ணியிருந்தது. தண்டனை அவனுக்கு மட்டும்.

வெளியே வந்தோம். பையன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "மாமா, நான் இருந்தா ஸ்கூலுக்கு எத்தினி பர்சென்ட் கொறையும்?"

அதற்கு எந்த பி.காம்.காரனிடமும் பதில் இல்லை.

அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே இருந்த கணக்கு டீச்சர் அவனுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, நாலு பின்னக் கணக்கும் மூன்று வகுத்தலும் போடச் சொன்னார். தாளைப் பார்த்துவிட்டு என்னிடம், "பத்தாவது கணக்கு கெடக்கட்டும் சார். இவன் அஞ்சாவதுல நிக்கிறான். அங்கேருந்துதான் கூட்டிக்கிட்டு வரணும்" என்றார். திட்டவில்லை. ஓப்பனிங் ஸ்டாக்கை எண்ணினார். அவ்வளவுதான்! காலாண்டில் கணக்கு 14. அரையாண்டில் 23. திருப்புதல் தேர்வில் 31. ஒவ்வொன்றுக்கும் அக்கா அங்காளம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழ மாலை.

டீக்கடைக்கு வருவோம். ஒன்பதரை மணிக்குப் போனில் சிக்னல் எட்டிப் பார்த்தது. தேர்வு எண்ணை அடித்தேன். சுற்றியது... சுற்றியது... மொத்தம் 236. கணக்கில் 43. பாஸ்!

வாத்தியார் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினொன்றிலிருந்து நாற்பத்து மூன்று. 32 மார்க் அறுவடை. அதுவும் மானாவாரியில்.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பள்ளிக்கும் கணக்கு வந்துவிட்டது. டி.சி. கொடுத்த பள்ளி, நூற்றுக்கு நூறு. மெயின் ரோட்டில் பேனர் கட்டிவிட்டார்கள். அவனைத் தூக்கி நிறுத்திய பள்ளியில் 40 பேர் எழுதி 37 பேர் பாஸ். 92.5 சதவீதம். மாநில சராசரிக்கும் கீழே. அந்த டீச்சரிடம் மூன்று பேருக்காக விளக்கம் கேட்பார்களாம்.

என் சிநேகிதன் பேனரையே பார்த்துக்கொண்டு ஆட்டோ மேல் சாய்ந்து நின்றான். அவனும் நானும் 2005-ல் ஒன்பதாவதில் ஒரே பெஞ்ச். வருஷக் கடைசியில் அவன் கையிலும் ஒரு டி.சி.யைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் எங்கள் வகுப்பு நூற்றுக்கு நூறு. பேப்பரில் போட்டார்கள். நானும் போட்டோவில் இருந்தேன். அவன் அன்றைக்குச் செஞ்சி கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் ஃபெயில் ஆகவில்லை சார். கணக்கிலேயே வரவில்லை.

அக்கா கொடுத்தனுப்பிய லட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். சாப்பிடவில்லை.

"ஏண்டா, எனக்கும் ஒரு ஓப்பனிங் ஸ்டாக் இருந்திருக்குமில்ல? அப்போ யாராச்சும் எண்ணிப் பாத்தாங்களாடா?" என்றான்.

லோடு ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. எந்த மாவட்டத்துச் சதவீதத்திலும் இல்லாத அந்த ஒருவனுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.